விட்டுக்கொடுப்பதும் பங்கு போடுவதும்



நம் பழைய மாணவர் குழுவில் இரண்டு நாளாக ஒரு வாக்குவாதம் ஓடியது. ஈழப் போரைப் பற்றி. ஒரு தம்பி, "ஆரம்பத்திலேயே கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போயிருந்தால் இத்தனை சாவு வந்திருக்காது" என்று எழுதினார். இன்னொரு தம்பி, "விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அழிந்தார்கள்" என்று பதில் போட்டார். இருவரும் என்னிடம் படித்தவர்கள். "சார், நீங்க சொல்லுங்க" என்று என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார்கள். செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட எனக்கு நேரம் பிடிக்கும். அதனால் நீளமாகவே எழுதிவிட்டேன். ஒரு டீ வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமரசம் என்ற ஒரே பெயரில் நாம் இரண்டு வேறு காரியங்களைச் சொல்கிறோம். அதுதான் குழப்பம்.

நம் பக்கத்துக் கிணற்றுப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குப் பொதுக் கிணறு. நாலு நாள் உனக்கு, மூணு நாள் எனக்கு என்று முறை வைக்கிறார்கள். இருவருக்கும் கொஞ்சம் குறைகிறது, பயிர் இரண்டு பேருக்கும் பிழைக்கிறது. இது ஒரு வகை. இன்னொன்றும் நம் ஊரில் நடக்கும். அக்காவுக்குச் சேர வேண்டிய பங்கை அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு, அக்காவிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, "பேச்சுவார்த்தை சுமுகமா முடிஞ்சுது" என்பார்கள். இதற்கும் சமரசம் என்றுதான் பெயர். முன்னதில் அவரவர் தம்முடையதை விட்டுக்கொடுத்தார்கள். பின்னதில் அடுத்தவருடையதைப் பங்கு போட்டார்கள்.

ஒரு நாடு உள்நாட்டுப் போருக்குப் போகும் பாதையில் இந்த இரண்டும் கலந்து கிடக்கும். எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் தம்பிகள் இருவருக்கும் பதில் கிடைக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் பாடம் நடத்தும்போது கரும்பலகையின் ஓரத்தில் வரிசையாக ஆண்டுகளை எழுதுவேனே, நினைவிருக்கிறதா? 1787, 1820, 1850, 1854, 1857, 1861. தேர்வுக்காக மனப்பாடம் செய்தீர்கள். இப்போது அந்த ஆண்டுகளுக்கு உள்ளே போய்ப் பார்ப்போம்.

1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பு எழுத உட்கார்ந்தார்கள். தென் மாநிலங்களுக்கு ஓர் ஆசை: நாடாளுமன்ற இடங்களைக் கணக்கிடும்போது அடிமைகளையும் தலைக்கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் அடிமைக்கு ஓட்டு கிடையாது. வடக்கத்தியர் மறுத்தார்கள். கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடலாம் என்று முடிவானது. தன்னை விலைக்கு வாங்கியவனுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம் வாங்கித் தரவே அந்த மனிதன் எண்ணப்பட்டான்.

1820இல் மிசௌரி சமரசம். நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள். மிசௌரி நீங்கலாக, கோட்டுக்கு வடக்கே உள்ள புது நிலங்களில் அடிமைமுறை இல்லை, தெற்கே இருக்கலாம். 1850இல் இன்னொரு பேரம். கலிபோர்னியா சுதந்திர மாநிலம். அதற்கு ஈடாக, தப்பியோடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்க வடக்கத்தியரும் உதவ வேண்டும் என்று கடுமையான சட்டம். 1854இல் கன்சாஸ்–நெப்ராஸ்கா சட்டம் 1820இன் கோட்டையே அழித்தது. குடியேறுபவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். கன்சாஸில் ரத்தம் ஓடியது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்றது. அந்தக் கோடு போட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமே இருந்ததில்லை என்றும் சொன்னது. 1861 ஏப்ரலில் பீரங்கி வெடித்தது. ஆறு லட்சத்துக்கும் மேல் செத்தார்கள்.

எழுபது ஆண்டு அமைதியை வாங்கிக் கொடுத்த சமரசங்கள் என்று இவற்றைப் புகழ்கிறவர்கள் உண்டு. அமைதி யாருக்கு? அந்த எழுபது ஆண்டுகளில் அடிமைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 7 லட்சத்திலிருந்து 40 லட்சமானது. பேரம் பேசிய எந்த அறையிலும் அந்த மக்களில் ஒருவருக்கும் நாற்காலி இல்லை. இது அக்காவின் பங்கைப் பிரித்த கதை. ஒவ்வொரு முறை பிரித்த பிறகும் அண்ணனும் தம்பியும் இன்னும் அதிகம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

இனி நமக்குப் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பக்கம் என்றால் நிஜமாகவே பக்கம்.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. ஆனால் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் மூலம் இங்கிருந்துதான் ஆள் பிடித்தார்கள். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம். சேலம் என்றால் நாமும்தான். 1965 அக்டோபர் 2 வரை தருமபுரி சேலம் மாவட்டத்தில்தானே இருந்தது! 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சம் துரத்த, கங்காணி கொடுத்த முன்பணம் இழுக்க, கடல் தாண்டிப் போனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். மிஞ்சியவர்கள் லயத்து அறைகளில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தார்கள்.

1948 பிப்ரவரி 4இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. அப்பா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது அத்தாட்சி? 1949இல் ஓட்டுரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் தொண்டமான் உள்ளிட்ட தோட்டத் தமிழர் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 1952இல் அவர்கள் கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓட்டைப் பறித்தார்கள். ஆனால் தொகுதிகளை ஒதுக்கும்போது மக்கள்தொகைக் கணக்கில் அந்த மக்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் தலையை எண்ணி மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களில், அவர்கள் ஓட்டில்லாமல் வேறு ஆட்கள் ஜெயித்து வந்தார்கள். பிலடெல்பியாவின் ஐந்துக்கு மூன்று கணக்கும் இதுவும் ஒரே கணக்குதான். அங்கே அடிமையின் தலை எசமானனுக்கு இடம் தந்தது. இங்கே தொழிலாளியின் தலை பெரும்பான்மைக்கு இடம் தந்தது.

அப்போது யாழ்ப்பாணத்துத் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இல் அந்த அரசாங்கத்திலேயே அமைச்சராகச் சேர்ந்தார். மலையக மக்களின் கதி அவருக்குத் தடையாக இருக்கவில்லை. இதை ஏற்காமல் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று அவர்கள் தலையில் விழுந்தது நாளை நம் தலையிலும் விழும் என்பது அவருடைய வாதம். ஏழே ஆண்டுகளில் விழுந்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. காலிமுகத் திடலில் அறப்போராட்டத்துக்கு உட்கார்ந்த தமிழ்த் தலைவர்களை அடித்துத் துரத்தினார்கள்.

இப்போது முதல் வகைச் சமரசத்துக்கு வருகிறேன். "விட்டுக்கொடுத்திருக்கலாமே" என்ற தம்பி இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1957 ஜூலை 26. பிரதமர் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். பண்டா–செல்வா ஒப்பந்தம் என்பார்கள். செல்வநாயகம் கேட்டது கூட்டாட்சியும் இரு மொழிக்கும் சம உரிமையும். இரண்டையும் அப்போதைக்கு ஒதுக்கி வைத்தார். நடத்தவிருந்த சத்தியாக்கிரகத்தையும் கைவிட்டார். பண்டாரநாயக்கா பிரதேச சபைகளுக்கு ஒப்புக்கொண்டார். வடக்கில் ஒன்று, கிழக்கில் இரண்டு அல்லது அதற்கு மேல். விவசாயம், கல்வி, சுகாதாரம், மீன்பிடி, நிலக் குடியேற்றம் ஆகியவை அந்தச் சபைகளிடம். வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில். சிங்களமே ஆட்சிமொழி என்ற சட்டம் அப்படியே இருக்கும். இருவரும் தம் கையில் இருந்ததைத்தான் விட்டுக்கொடுத்தார்கள். கிணற்றுக்கு முறை வைத்தது போல.

எத்தனை நாள் நீடித்தது? ஒன்பது மாதம்கூட இல்லை. எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, நாட்டை விற்றுவிட்டார்கள் என்று கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாத யாத்திரை கிளம்பினார். 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். 1926இலேயே இலங்கைக்குக் கூட்டாட்சிதான் பொருத்தம் என்று எழுதியவர் அவர். தான் கையெழுத்துப் போட்டது சரியென்று தெரிந்தே ரத்து செய்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். மறு மாதமே கலவரம். கொழும்புத் தமிழர்களைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. விட்டுக்கொடுத்தும் பண்டாரநாயக்காவுக்கு உயிர் மிஞ்சவில்லை. 1959 செப்டம்பரில் ஒரு பிக்குவே அவரைச் சுட்டார்.

செல்வநாயகம் அதோடு பேச்சை விடவில்லை. 1965 மார்ச் 24இல் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்காவுடன் இன்னோர் ஒப்பந்தம். இம்முறை கேட்டது இன்னும் குறைவு: மாவட்ட சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், அங்குள்ள அரசு நிலத்தில் அந்தந்த மாவட்டத்து நிலமற்றவர்களுக்கு முதல் உரிமை. இப்போது எதிர்த்தது யார்? பண்டாரநாயக்காவின் கட்சி! அன்று எட்டு ஆண்டுக்கு முன்னால் இவர்கள் செய்ததை அவர்கள் எதிர்த்தார்கள். இன்று அவர்கள் செய்ததை இவர்கள் எதிர்த்தார்கள். ஒருகாலத்தில் இரு மொழிக்கும் சம இடம் கேட்ட இடதுசாரிகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். டட்லியின் வயிற்றில் மசாலா வடை என்று தெருவில் முழக்கம். தமிழனோடு பேசினான் என்பதற்கு அடையாளம் மசாலா வடை! 1968இல் மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்டது. அரசில் அமைச்சராக இருந்த தமிழரசுக் கட்சியின் மு. திருச்செல்வம் பதவி விலகினார்.

ஆக, விட்டுக்கொடுக்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை தம்பி. இரண்டு முறை விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு முறையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். ஏன் காப்பாற்ற முடியவில்லை என்று கேட்டால், முறை மீறினால் மடையை யார் திறப்பது என்று இந்த ஒப்பந்தங்களில் எழுதியிருக்கவில்லை. சட்டமாக்கவில்லை, எதிர்க்கட்சியைக் கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. ஆளுங்கட்சி கொடுத்த சொல்லை எதிர்க்கட்சி உடைத்தால் ஓட்டு கிடைக்கும் என்று ஆகிவிட்டது. மலையக மக்களிடம் ஓட்டு இருந்திருந்தால், பெரிய கட்சிகளுக்கு அவர்களின் ஆதரவும் தேவைப்பட்டிருக்கும். தமிழனைத் திட்டி ஜெயிப்பது அவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. 1949இன் அநியாயம் 1957இன் நியாயத்தைக் கொன்றது என்பது என் எண்ணம்.

இரண்டு ஒப்பந்தங்களுக்கும் நடுவில், 1964 அக்டோபர் 30இல், இன்னொரு கையெழுத்து விழுந்தது. அது மட்டும் தடையில்லாமல் நிறைவேறத் தொடங்கியது. நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்டது. நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு பார்த்தார்கள்: 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக முடித்தார்கள். கணக்கு எவ்வளவு நேர்த்தி பாருங்கள், பாக்கியே இல்லை! பேச்சு நடந்த மேசையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் குரல்கூட இல்லை. அண்ணன் இந்தப் பட்டியலில், தங்கை அந்தப் பட்டியலில். இலங்கையைத் தவிர வேறு மண்ணைப் பார்த்திராதவர்கள் "தாயகம் திரும்பியோர்" என்ற பெயரில் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களுக்காகத்தான் நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் போட்டார்கள். ஊட்டிக்கு இன்பச் சுற்றுலா போகும்போது கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பேசும் தமிழைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பாருங்கள், இதுதான் என் வாதத்தின் மையம். தம்முடையதை விட்டுக்கொடுத்த ஒப்பந்தங்கள் இரண்டும் கிழிந்தன. அடுத்தவர் வாழ்க்கையைப் பங்கு போட்ட ஒப்பந்தம் நிலைத்தது. இப்படி நடக்கும் நாட்டில் இளைஞன் எதைக் கற்றுக்கொள்வான்? பேசினால் ஒன்றும் கிடைக்காது என்பதைத்தான். 1972 அரசமைப்பு சிறுபான்மையினருக்கு இருந்த பழைய பாதுகாப்புப் பிரிவையும் எடுத்தது. 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம். அடுத்த ஆண்டு செல்வநாயகம் மறைந்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு. 1983 ஜூலையில் கலவரம். அதன்பின் 2009 மே வரை போர். 80,000 முதல் 1,00,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது ஐ.நா. சொன்ன மதிப்பீடு. அதைவிட அதிகம் என்பவர்கள் உண்டு.

இரண்டாவது தம்பிக்கும் பதில் சொல்ல வேண்டும். "விட்டுக்கொடுத்ததால் அழிந்தார்கள்" என்று நம்பிய ஒரு தலைமுறை, விட்டுக்கொடுக்கலாம் என்று சொன்னவனையே துரோகி என்றது. 1989 ஜூலையில் அமிர்தலிங்கத்தைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 1999 ஜூலையில் நீலன் திருச்செல்வத்தைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். அதிகாரப் பகிர்வுக்கு வரைவு எழுதப் பாடுபட்ட சட்ட அறிஞர் அவர். 1968இல் பதவி விலகினாரே திருச்செல்வம், அவருடைய மகன். அப்பனின் ஒப்பந்தத்தைச் சிங்களக் கட்சிகள் கொன்றன. மகனைத் தமிழ்ப் புலிகள் கொன்றார்கள். இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுகிறேன். 1957இல் கண்டிக்கு யாத்திரை கிளம்பிய அதே ஜெயவர்த்தனா, 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதிலிருந்து வந்த 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது, தமிழையும் ஆட்சிமொழி என்றது. முப்பது ஆண்டுக்கு முன் எதைத் தடுக்க நடந்தாரோ, கிட்டத்தட்ட அதையே, எத்தனையோ பிணங்களுக்குப் பிறகு, கொடுத்தார். அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழித்ததும், 1865இல், 13ஆம் திருத்தம்தான். எண் ஒன்றானது தற்செயல். காலம் கடந்து வந்தது மட்டும் இரண்டுக்கும் பொது.

"இதெல்லாம் எங்கோ நடந்தது சார்" என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்திலேயே மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கிருந்து வந்த பிள்ளைகள் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். விண்ணப்பம் நிரப்பும்போது "நாட்டுரிமை" என்ற கட்டத்தில் பேனா நின்றுவிடும். "சார், என்ன எழுதட்டும்?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் 50,000க்கும் மேற்பட்டவர்களில் மலையக வழியினரும் கணிசம். அதாவது, 1948இலும் 1964இலும் எண்ணிக்கையாகப் பிரிக்கப்பட்ட அதே மக்களின் பேரப்பிள்ளைகள். இலங்கை 2003இல் ஒரு சட்டம் போட்டு அங்கேயே இருந்த நாடற்ற மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தந்தது. நம் 2019 குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் மூன்றும் உண்டு, இலங்கை இல்லை. சேலம் ஜில்லாவிலிருந்து போன ஒரு குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறைப் பிள்ளை, நம் மண்ணிலேயே பிறந்து, நம் பள்ளியிலேயே படித்து, இங்கே அகதி. அவர்களுக்குக் குடியுரிமை கொடுப்பது யாருடைய பங்கையும் குறைக்காது. கேட்க வேண்டியது நாம்தான். அவர்களுக்குத்தான் ஓட்டு இல்லையே.

ஆகவே தம்பிகளே, பேசித் தீர்ப்பதை எப்போதும் விடாதீர்கள். ஆனால் "பேசி முடிச்சாச்சு" என்று யாராவது சொன்னால், யாருடையதைப் பேசினீர்கள், அவர் அங்கே இருந்தாரா, நாளைக்கு இதை மீறினால் கேட்பது யார் என்று கேளுங்கள். நாடாளுமன்றத்துக்கும் இது பொருந்தும், நம் ஊர்த் திண்ணைக்கும் பொருந்தும். சொந்தபந்தங்களில் அக்கா தங்கை பங்கு விஷயம் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். திட்டாமல் எழுதுங்கள், ஆண்டுகளைச் சரிபார்த்து எழுதுங்கள். முகாமிலிருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வரி போடுங்கள் கண்ணு. உங்களில் பலருடைய நம்பர் என்னிடம் இல்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.